உறக்கத்துக்குக் காவல்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலில் தொடங்குவர். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ப்பர். சங்கத்திலும் கட்சியிலும் கொண்டுபோய் முடிப்பர். அவ்வரலாற்றில் உழைப்பு உண்டு, ஊதியம் உண்டு, போராட்டமும் உண்டு. உறக்கத்துக்கு மட்டும் அதில் இடமில்லை. நம் முன்னோர் எத்தனை மணிக்கு எழுந்தனர் என்பதைப் பலர் எழுதியுள்ளனர்; எத்தனை மணி நேரம் உறங்கினர் என்பதை எழுதியவர் அரியர். அதிலும், கணவனை இழந்தோ கணவனால் கைவிடப்பட்டோ பிள்ளைகளைத் தனியொருத்தியாய் வளர்த்த பெண், வேலை முடிந்து எப்போது கண்ணயர்ந்தாள், அந்நேரத்தில் அவள் பிள்ளை யாருடைய கண்காணிப்பில் இருந்தது என்ற கேள்வி நம் ஏடுகளில் எழுந்ததே அரிது.

இன்று கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இரவு நேரத்தில் விழித்திருந்து உழைக்கும் தாய்மார் பலர். மருத்துவமனையில், மின்னணுத் தொழிற்சாலையில், கட்டடங்களின் பாதுகாவலில், துப்புரவுப் பணியில், விடிய விடியத் திறந்திருக்கும் உணவகத்தில் அவர்களைக் காணலாம். அவர்களுள் தனித்து வாழும் தாயின் களைப்பைக் கண்டு இரங்குவோர், அதை அவளுடைய விதி என்பர். அறிவுரை கூறுவோர், மனவுறுதி வேண்டும் என்பர். இரண்டும் போதா. அக்களைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. வேலை நேரத்தை அளக்கச் சட்டங்கள் வந்தன. அந்த நேரத்தில் குழந்தையை யார் காப்பது என்ற கேள்வியோ தோட்டத்தில் மட்டுமே ஓரளவு கேட்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் நகரத்துக்கு வந்தபோது அக்கேள்வி தோட்டத்திலேயே தங்கிவிட்டது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரட்டுக்கு முன்

ரப்பர் மரத்தின் பால், விடியற்காலைக் குளிரில்தான் நன்கு வடியும். இரவெல்லாம் நீரை உறிஞ்சிய மரத்தின் உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிடும், அழுத்தம் குறையும், பால் நின்றுபோகும். ஆகவே பால்மரம் சீவுவோரின் கடிகாரத்தை அமைத்தது துரையும் அல்லர், கிராணியும் அல்லர்; மரமே அமைத்தது. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் நேரம் இருள் பிரியாத வேளையாக இருந்ததற்கு இதுவே காரணம்.

பிரட்டுக்குப் போகவேண்டிய பெண் அதற்கும் முன்னே எழுந்தாள். அடுப்பு மூட்டி, சோறு வடித்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்கொளியில் நடந்தாள். பின்னர் உளியோடு நிரை நிரையாக மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டு சேர்க்கையில் உச்சிவேளை கடந்துவிடும். அதன்பின் துணி துவைத்தல், விறகு பொறுக்குதல், தண்ணீர் எடுத்தல், மீண்டும் சமையல். மாலையில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்கையில் கிடக்கும்போது, மறுநாள் பிரட்டுக்கு இன்னும் சில மணி நேரமே எஞ்சியிருக்கும். ஷிப்டு என்ற சொல் தோட்டத்துக்கு வருமுன்பே, இயற்கையான உறக்க நேரத்தை அரிந்தெடுக்கும் வேலைமுறை அங்கே வேரூன்றியிருந்தது.

ஊதியக் கணக்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1920களின் பிற்பகுதியில் சிலாங்கூர் முதலிய பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்க்கு வகுக்கப்பட்ட தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய 1930ஆம் ஆண்டில் அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. இருவர் உழைத்த வீட்டில் கணவன் இறந்தாலோ ஓடிப்போனாலோ வருமானம் பாதியாகக் குறையவில்லை. பாதிக்கும் கீழே போயிற்று. பெண்ணின் கூலியைக் கணவனுடைய கூலிக்குத் துணைக்கூலியாகவே கருதி வகுத்த கணக்கு அது. துணையே இல்லாதவள் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

ஆயாக் கொட்டகை

இத்தகைய வாழ்வில் அவளைத் தாங்கி நிறுத்திய அமைப்பு ஒன்று உண்டு. அதுவே ஆயாக் கொட்டகை. லயங்களுக்கு அருகே ஒரு கொட்டகை; அதில் வரிசையாகத் தொங்கும் துணித் தூளிகள்; பால்மரம் சீவும் வலுக்குறைந்த வயது முதிர்ந்த ஒருத்தியோ இருவரோ ஆயாக்கள். பிரட்டுக்குமுன் தாய் பிள்ளையை அங்கே விட்டுச்செல்வாள்; வேலை முடிந்து வந்து எடுத்துக்கொள்வாள்.

அதைப் புகழ்ந்து பாடவேண்டிய தேவை இல்லை. தாயின் கைகள் மரத்துக்குத் தேவைப்பட்டதால்தான் நிருவாகம் கொட்டகை கட்டிக் கொடுத்தது. ஓர் ஆயாவின் பொறுப்பில் அளவுக்கு மீறிய குழந்தைகள் இருந்த தோட்டங்கள் உண்டு. ஒரு பிள்ளைக்குக் கண்ட காய்ச்சல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவியதும் உண்டு. இருப்பினும் அந்த எளிய கொட்டகையில் மூன்று நலன்கள் ஒருங்கே அமைந்திருந்தன. அது வீட்டுக்கு அருகில் இருந்தது. தாயின் வேலை நேரத்துக்கு முன்பே திறந்தது. அதற்கெனத் தாய் தன் கூலியிலிருந்து பேரம் பேசித் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை. கணவன் உள்ளவள், இல்லாதவள் என்ற வேறுபாடின்றி எல்லாத் தாய்மார்க்கும் அது பொதுவாக இருந்தது.

தோட்டத்தில் குழந்தைகளின் நலம் சட்டத்தின் கண்ணிலும் பட்டது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் எனக் கூறியது. மிகப் பின்னர் வந்த 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டமும், வீட்டோடு சேர்த்துக் குழந்தைக் காப்பகத்தையும், பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலத்தையும் முதலாளியின் கடமையாக வைத்தது. ஆனால் அச்சட்டம், நகர எல்லைக்கு வெளியே தோட்டத்தில் வாழும் தொழிலாளரை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது. அது எழுதப்பட்ட காலத்திலோ தோட்டத்துப் பிள்ளைகள் நகர எல்லைக்குள் குடிபுகுந்துகொண்டிருந்தனர்.

கிள்ளான் எழுப்பிய குரல்

களைப்பைப் பற்றித் தொழிலாளர் வெளிப்படையாகப் பேசிய காலமும் உண்டு. 1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நாம் பெரும்பாலும் ஊதியப் போராட்டமாகவே நினைவுகூர்கிறோம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலை ஊன்றிப் படித்தால் அதன் விரிவு புலப்படும். சீனத் தொழிலாளரோடு சமமான கூலி கேட்டனர். துரைக்குமுன் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டிய இழிவை நீக்கக் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். பெண்களுக்கு இழைக்கப்படும் மானக்கேட்டை நிறுத்தக் கேட்டனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி கேட்டனர். அவற்றோடு, நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேலை வாங்குவதை ஒழிக்கவும் கேட்டனர்.

அக்கடைசிக் கோரிக்கை உறக்கத்துக்கான கோரிக்கை எனல் மிகையன்று. 12 மணி நேர வேலைக்குப் பின் பிள்ளைக்குத் தாயாக இருக்க எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதை அன்று களத்தில் நின்ற பெண்கள் அறிந்திருந்தனர். மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மணிக்கணக்கைக் குறைக்கக் கேட்ட குரல் அவ்வாறு அடக்கப்பட்டது.

சயாமுக்குப் போனவர்களும் இருந்தவர்களும்

அடுத்த ஆண்டே நாடு ஜப்பானியர் கைக்கு மாறிற்று. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைக்க மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். சயாம் மரண ரயில் பற்றி நம் எழுத்தாளர்கள் நாவல்கள் படைத்துள்ளனர், ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அத்துயரை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தனர்.

அவ்வரலாற்றின் மறுபாதி லயத்தில் நிகழ்ந்தது. ஆண்கள் போன பின் பிள்ளைகளோடு எஞ்சியவர் பெண்கள். ரப்பருக்குச் சந்தை இல்லை, கூலி இல்லை, அரிசி கிடைப்பது அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. போனவன் உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல அஞ்சலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பலர்க்குப் போர் முடிந்த பின்னரும் உறுதியான செய்தி கிட்டவில்லை. கைம்பெண் என்ற பெயர்கூட உறுதியாகாத நிலையில் அவர்கள் தனித்தாயர் ஆயினர். ஒருத்தி இருவர் என்றில்லாமல், ஒரு தலைமுறைப் பெண்களே தனியே பிள்ளை வளர்க்க நேர்ந்த காலம் அது. தனித்தாய் என்பவள் இன்றைய நாகரிகத்தின் விளைவு என்று முகம் சுளிப்போர் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

அவர்கள் பிழைத்து எழுந்தனர் என்றால் அதற்கு ஒரு காரணம் லயத்தின் அமைப்பு. சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்ட வீடுகள்; பிள்ளைகள் ஒன்றாகத் திரியும் வாசல்; ஒரு வீட்டு அழுகை மறுவீட்டில் கேட்கும் நெருக்கம். அந்நெருக்கத்தில் மறைவு இல்லை, வசதி இல்லை. காவல் மட்டும் இருந்தது. போருக்குப் பின் ரப்பர் மீண்டும் விலைபோனபோது அப்பெண்கள் உளியை எடுத்தனர்; ஆயாக் கொட்டகையும் மீண்டும் திறந்தது.

வீட்டுக்கு ஒரு காவல்

இரவு வேலை தமிழர்க்குப் புதியதன்று. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இல் புகைவண்டி ஓடத் தொடங்கியது முதல் இருப்புப்பாதையில் தமிழர் இரவு பகலாக உழைத்தனர். செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நூறு குவார்ட்டர்ஸ் வீடுகள், 2010களில் இடிக்கப்படும்வரை அவ்வாழ்வின் சான்றாக நின்றன. 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் கப்பல் வரும் நேரமே வேலை நேரமாயிற்று.

அவ்வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. இரவு வேலை முடித்து வந்த ஆண் பகலில் உறங்குவான். சன்னலைச் சாத்துவாள் மனைவி. பிள்ளைகளை வாசலுக்கு அனுப்புவாள். வந்தவரிடம், ‘அவர் நைட் ஷிப்டு, தூங்குகிறார்’ என்று தணிந்த குரலில் சொல்லித் திருப்பி அனுப்புவாள். அவன் எழும்போது சோறு தயாராக இருக்கும். இரவு வேலையை ஓர் ஆண் பல்லாண்டுகள் தாங்கினான் என்றால், அவனுடைய பகலுறக்கத்துக்கு வீட்டில் ஒரு காவல் இருந்தது என்பதே பொருள். அக்காவலுக்குச் சம்பளம் கிடையாது; அது வேலை என்று எண்ணப்பட்டதும் கிடையாது.

அதே இரவு வேலையைத் தனித்த ஒரு தாய் செய்தால் என்னாகும்? உறங்க வேண்டியவளும் அவளே, காவல் இருக்க வேண்டியவளும் அவளே. அவளுடைய களைப்பின் முழு விளக்கமும் இதில் அடங்கியிருக்கிறது.

தோட்டம் நகரமான கதை

1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அத்துண்டாடலை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ நகரமே தோட்டத்தை விழுங்கியது. எபிங்ஹாம் தோட்டம் 1950களில் பெட்டாலிங் ஜெயா ஆயிற்று. சீபீல்ட் தோட்டத்தில் 1970களில் சுபாங் ஜெயா எழத் தொடங்கிற்று. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாமும் சுங்கை ரெங்கம் தோட்ட மண்ணில் எழுந்ததே.

தோட்டம் போனபோது வேலை மட்டும் போகவில்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்ததால் வீடும் போயிற்று. வீட்டோடு லயத்து வாசலும், கோயிலும், ஆயாக் கொட்டகையும் போயின. மக்கள் புறம்போக்கு நிலத்துப் பலகை வீடுகளுக்கும், பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தனர். அடுக்குமாடியில் அடுத்த வீட்டின் கதவு பூட்டியிருக்கும். பாட்டி வேறு ஊரில் இருப்பார். ஆயா என்று அழைக்க எவரும் இல்லை. சம்பளம் கூடியது உண்மை. அந்தச் சம்பளத்திலிருந்தே குழந்தையைப் பார்க்கும் கூலியையும் கொடுக்க வேண்டியதாயிற்று என்பதும் உண்மை.

மூன்று ஷிப்டு

1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1957இல் அமலுக்கு வந்த தொழிலாளர் வேலைச் சட்டம், ஆலையிலும் தோட்டத்திலும் பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கலாகாது என்றது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே தொடர்ந்து 11 மணி நேர ஓய்வும் வேண்டும் என்றது. 1844இல் பிரிட்டனில் தொடங்கி, 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் ஒப்பந்தமாக வடிவெடுத்த கொள்கை அது.

நாடு தொழில்மயமாக வேண்டிய வேளை வந்தது. 1970ஆம் ஆண்டின் பெண் ஷிப்டுத் தொழிலாளர் ஒழுங்குவிதிகள், அனுமதி பெற்ற ஆலைகளில் பெண்கள் இரவிலும் வேலை செய்ய வழி திறந்தன. 1971இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் பிறந்தது. சுங்கைவேயிலும் உலு கிள்ளானிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. காலை, பிற்பகல், இரவு என மூன்று ஷிப்டு. வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை மாறும் முறை. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்களை ஏற்றிச்செல்லும் தொழிற்சாலைப் பேருந்து. கோல லங்காட் வட்டாரத்து மலாய்ப் பெண் தொழிலாளரிடையே ஆய்வு நடத்திய மானிடவியல் அறிஞர் அய்வா ஓங் 1987இல் வெளியிட்ட நூல், அவ்வாழ்வின் நெருக்கடியையும், வேலையிடத்தில் பெண்கள் திடீரென அலறி மயங்கிய நிகழ்ச்சிகளையும் உலகறியச் செய்தது. இனம் எதுவாயினும் இரவு ஒன்றுதான் என்பதற்கு அந்நூல் சான்று.

அத்தொழிற்சாலைகள் பெரிதும் விரும்பியது மணமாகாத இளம்பெண்களை. பிள்ளை பெற்றவளுக்கு, அதிலும் துணையற்றவளுக்கு, வாரந்தோறும் மாறும் ஷிப்டு ஒவ்வாது. காலை ஷிப்டுக்கு ஏற்ற பக்கத்து வீட்டு அம்மா இரவுக்கு ஒப்புக்கொள்ளமாட்டார். ஆகவே பலர் குறைந்த கூலிக்குத் துப்புரவு வேலையையும் பாதுகாவல் வேலையையும் நாடினர். பாதுகாவலில் 12 மணி நேர ஷிப்டு வழக்கமாயிற்று. 1941இல் கிள்ளான் தொழிலாளர் ஒழிக்கக் கேட்ட அதே 12 மணி நேரம் வேறு சீருடையில் திரும்பி வந்ததை வரலாறு படிப்போர் காணாதிருக்க முடியாது.

2023 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், பெண்களுக்கான இரவு வேலைத் தடையை அடியோடு நீக்கியது. மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. வார வேலையை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. வேலை நேரத்தை மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கும் உரிமையையும் வழங்கி, 60 நாளுக்குள் முதலாளி பதிலளிக்க வேண்டும் என்றது. பெண்ணை இரவில் பூட்டிவைப்பது சமத்துவம் ஆகாது. தடை நீங்கியது நன்றே. எனினும் கதவைத் திறந்த சட்டம், அவள் வெளியே போன பின் வீட்டில் யார் என்று 1970இலும் கேட்கவில்லை, 2023இலும் கேட்கவில்லை. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் காப்பகங்களுக்கு ஒழுங்கு வகுத்தது; ஆனால் காப்பகங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தையே பின்பற்றுகின்றன. இரவு 11 மணிக்கு வேலைக்குச் செல்பவளுக்கு அவை பூட்டிய கதவுகளே.

மூத்த பெண் கொடுத்த விலை

பூட்டிய கதவுக்கு முன்னே நின்ற தாய் என்ன செய்தாள்? பல வீடுகளில் விடை ஒன்றே: மூத்த பெண். பத்து வயதில் தம்பிக்குப் பால் கரைத்தாள். பன்னிரண்டு வயதில் உலை வைத்தாள். அம்மா உறங்கட்டும் என்று கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விடுபட்ட நாள்கள் பெருகின. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பள்ளியை விட்டு நின்ற நம் பெண்களின் கதைகளில், வறுமைக்கு அடுத்து இந்தக் காவல் கடமையே மீண்டும் மீண்டும் வருகிறது.

தாயின் உறக்கத்துக்கு மகளின் கல்வி விலையாயிற்று. அம்மகள் வளர்ந்து, படிப்பில்லாததால் தானும் ஷிப்டு வேலைக்கே போனாள் என்றால், களைப்பு ஒரு தலைமுறையிலிருந்து மறுதலைமுறைக்குச் சொத்தைப்போல் கைமாறியது என்றே கொள்ள வேண்டும். தனித்தாயின் ஓய்வு அவளுடைய தனிப்பட்ட வசதி அன்று; சமுதாயத்தின் கல்விப் பிரச்சினையும் அதுவே என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

சட்டத்தின் வாசலிலும் அவள் நெடுங்காலம் காத்து நின்றாள். கோயிலில் தாலி கட்டிய திருமணங்கள் பல பதிவு பெறாதிருந்தன. 1976இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த பின்னரே முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கு ஒரே சீரான பதிவு ஏற்பட்டது. 1961ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் தந்தையையே பிள்ளையின் பாதுகாவலராகக் கொண்டிருந்தது. 1999இல் செய்த திருத்தமே தாய்க்குச் சம உரிமை அளித்தது. அதுவரை, இரவெல்லாம் உழைத்துப் பிள்ளையை வளர்த்தவள், முகம் காட்டாத கணவனின் கையெழுத்தைத் தேடிப் பகலெல்லாம் அலைய நேர்ந்தது. அலுவலக வரிசையில் அவள் நின்ற நேரமும் உறக்கத்திலிருந்து எடுத்த நேரமே.

உடல் சொல்லும் கணக்கு

‘நித்திரை சுகம் அறியாது’ என்பது நம் பழமொழி. களைத்தவன் கட்டாந்தரையிலும் தூங்குவான் என்பது அதன் கருத்து. இரவு வேலையைப் பொறுத்தவரை இப்பழமொழி முழு உண்மை ஆகாது. மனித உடலின் உயிரணுக்களுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவர்க்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பகல் வெளிச்சம் கண்ணில் பட்டவுடன் அக்கடிகாரம் உடலை விழிக்கச் சொல்கிறது. எனவே இரவு வேலை முடித்து வந்தவர் எவ்வளவு களைத்திருந்தாலும் பகலில் அவர் உறக்கம் குறுகியது, மெலிந்தது. இரவு ஷிப்டை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவகம் 2007இல் வைத்தது. 2019இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது.

இதிலிருந்து நடைமுறைக்கு உகந்த சில உண்மைகள் பெறப்படும். வேலை முடிந்து திரும்பியதும், துணியும் பாத்திரமும் காத்திருக்க, முதலில் படுத்துவிடுவதே அறிவுடைமை, சோம்பலன்று. அறையை இருட்டாக்குதலும், வேலையின் பிற்பாதியில் தேநீரைத் தவிர்த்தலும், இரவு வேலைக்குப் புறப்படுமுன் சிறிது உறங்குதலும் பயன் தரும். ஷிப்டு மாற வேண்டுமெனில் காலை, பிற்பகல், இரவு என முன்னோக்கி மாறுவது பின்னோக்கி மாறுவதைவிட உடலுக்கு எளிது. இதை முதலாளிகள் செலவின்றிச் செய்யலாம். தோட்டத்துப் பெண்கள் நிறுவைக்குப் பின் தலைசாய்த்த சிறு பகலுறக்கம் அனுபவத்தால் கண்ட மருந்தே. ஆயினும் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே முன்நிபந்தனை உண்டு: அந்த நேரத்தில் பிள்ளையை நம்பிக் கொடுக்க ஒரு கை வேண்டும். அக்கை இல்லையெனில் மருத்துவ அறிவுரை வெறும் காகிதமே.

எஞ்சி நிற்கும் கடமை

வரலாறு நமக்குத் தோட்டத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. அட்டைக்கடியும் அரைக்கூலியும் மீண்டும் வேண்டா. அக்கொட்டகையில் இருந்த மூன்று நலன்களை மட்டும் நாம் நகரத்தில் மீட்டெடுக்க வேண்டும்: அருகில் இருத்தல், வேலை நேரத்தில் திறந்திருத்தல், ஏழைத் தாய்க்கு எட்டும் செலவில் அமைதல். குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர், ஆண் பெண் இரு பாலார்க்கும் குழந்தைக் காப்பு வசதி வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1981ஆம் ஆண்டின் 156ஆம் ஒப்பந்தத்தில் கூறியிருக்கிறது. மருத்துவமனையும் தொழிற்சாலையும் இரவில் பெண்ணின் உழைப்பைப் பெறுமாயின், இரவில் அவள் பிள்ளைக்கு ஒரு தூளி தொங்க இடம் தருவது சலுகையாகாது. வேலைச் செலவில் ஒரு பகுதியேயாகும்.

அரசும் முதலாளியும் செய்யும்வரை சமுதாயம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் கோயில்களுக்கு மண்டபங்கள் உள்ளன. சங்கங்களுக்குக் கட்டடங்கள் உள்ளன. திருவிழா நாள் நீங்கலாக அவை ஒழிந்து கிடக்கும் நேரம் அதிகம். பயிற்சி பெற்ற இரு பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, விதிமுறைப்படி பதிவு செய்து, ஷிப்டுத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அவற்றில் இடம் அளிக்க இயலும். ஓர் அடுக்குமாடியில் வெவ்வேறு ஷிப்டுகளில் வேலை செய்யும் மூன்று தாய்மார், முறைவைத்து ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இயலும். லயத்து வாசலில் அவர்களின் பாட்டிமார் செய்ததும் அதுவே. அவ்வழி, மூத்த பெண்ணைப் புத்தகப்பையோடு பள்ளிக்கு அனுப்பிவிடலாம்.

தனித்தாயைக் கண்டு, ‘பாவம், எப்படித்தான் சமாளிக்கிறாளோ’ என்று வியக்கும் நல்லுள்ளங்கள் நம்மிடையே பல. சயாமுக்குப் போனவனை எதிர்பார்த்துப் பிள்ளைகளோடு லயத்தில் கிடந்தவளைப் பற்றியும் அவ்வாறே வியந்தனர். வியப்பால் எவரும் ஒரு மணி நேரம்கூட உறங்கியதில்லை. அவள் வேலை முடிந்து வரும் காலையில், பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட அடுத்த வீட்டுக் கதவு ஒன்று திறக்குமாயின், அதுவே அவளுக்குப் பேருதவி. இரவு ஷிப்டு முடித்து வந்த கணவனுக்காகச் சன்னலைச் சாத்தி, வாசலில் காவல் இருந்த மனைவியரின் மரபில் வந்தவர்கள் நாம். அக்காவலை, வீட்டில் அதற்கு ஆளில்லாத பெண்ணுக்கும் அளிப்பது நம்மால் ஆகாத செயலன்று.